இடுப்புக்குக் கீழே ஒரு புண்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டைக்கும் காசிமேட்டுக்கும் நடுவே ஒரு பரிசோதனை மையத்தில் பல வருடம் ஆலோசகராக உட்கார்ந்திருந்தேன். வருபவர்கள் முதலில் "மேடம்" என்பார்கள். கதவைச் சாத்திய பிறகு "அக்கா" என்பார்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். ஹீமோஃபிலஸ் டுக்ரேயி என்ற பாக்டீரியாவால் வரும் புண்தான் இந்தப் பக்கத்தின் மையம். அதைப் பற்றி மட்டும் பேசினால் போதாது என்பதால் அதன் பக்கத்து வீட்டு நோய்களும் வரும்.

இந்த நோய்க்குப் பெயர் என்ன? இதுதான் மேகப்புண்ணா?

மருத்துவர்கள் சாங்க்ராய்ட் என்பார்கள். நம் ஊரில் பிறப்புறுப்பில் எந்தப் புண் வந்தாலும் மேகப்புண், கிரந்தி, பறங்கிப்புண் என்று ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள். பறங்கி என்றால் கப்பலில் வந்த வெள்ளைக்காரன். அவன் கொண்டுவந்த புண் என்று அர்த்தம். அந்தப் பெயர்கள் எல்லாம் நுண்ணோக்கி வருவதற்கு முன்பே பிறந்தவை. பார்வைக்கு ஒன்று போலத் தெரிந்த நாலைந்து நோய்களை ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள். இன்றைக்கு அந்த மூட்டையைப் பிரித்தாக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

எப்படி ஆரம்பிக்கும்? பார்க்க எப்படி இருக்கும்?

உறவு கொண்ட 4 முதல் 7 நாளுக்குள், சிலருக்குக் கொஞ்சம் முன்பின்னாக, சின்னச் சிவப்புப் பரு மாதிரி ஒன்று வரும். ஓரிரு நாளில் அது சீழ் வைத்து உடைந்து குழிப்புண் ஆகிவிடும். ஓரம் வட்டமாக, ஒழுங்காக இருக்காது. எலி கடித்த அப்பளம் மாதிரிப் பிசிறு பிசிறாக, ஓரத்துக்கு அடியிலும் குடைந்துகொண்டு போயிருக்கும். அடியில் சாம்பலும் மஞ்சளுமாக அழுக்குப் படர்ந்திருக்கும். துடைத்தால் சட்டென்று ரத்தம் வரும். தொட்டால் மெத்தென்று இருக்கும். பெரும்பாலும் ஒன்றோடு நிற்காது, இரண்டு மூன்று வரும்.

ஆண்களுக்கு முன்தோலிலும் மொட்டுக்குக் கீழே உள்ள பள்ளத்திலும் அதிகம் வரும். முன்தோல் வீங்கிப் பின்னால் தள்ள முடியாமல் போய்விட்டால் உள்ளே இருக்கும் புண் கண்ணுக்கே தெரியாது, சீழ் மட்டும் கசியும்.

வலி சாதாரண வலி இல்லை. ஒரு தம்பி காசிமேட்டில் ஐஸ் உடைத்துப் பெட்டியில் போடும் வேலை செய்துகொண்டிருந்தார். மீன் கூடையைத் தூக்கி இடுப்பில் இடுக்கினால் உப்புத் தண்ணீர் வழிந்து லுங்கியை நனைக்கும். அது புண்ணில் பட்ட முதல் நாள் கூடையை அப்படியே கீழே போட்டுவிட்டதாகச் சொன்னார். அப்புறம் ஐந்து நாள் லுங்கிக்குள் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். என்னிடம் வந்தது ஆறாவது நாள், கால் இரண்டையும் அகட்டி நடந்துகொண்டு.

தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடலாமா?

வேண்டாம். காலில் முள் குத்தினாலும் நெறி கட்டும், அது புண் ஆறியதும் தானே அமுங்கிவிடும். இது அப்படி இல்லை. இந்தப் பாக்டீரியா புண்ணிலிருந்து தொடை இடுக்கில் உள்ள நிணநீர்க் கணுவுக்குப் போய் அங்கே சீழ் கட்டுகிறது. நோய் வந்தவர்களில் பாதிப் பேர் வரைக்கும் இது வரலாம், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். பழைய தமிழில் இதற்கு அரையாப்பு என்று தனிப் பெயரே இருக்கிறது, அரை என்றால் இடுப்பு. மேலே தோல் சிவந்து, பளபளத்து, விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர் இருப்பது போல அசையும். அப்படியே விட்டால் தானாக உடைந்து, அந்த இடமும் ஒரு பெரிய புண்ணாகிவிடும்.

சுண்ணாம்பு தோலைப் பொசுக்கும். பிளேடால் கீறிவிடச் சொல்பவர்களும் உண்டு, அதைச் செய்யவே கூடாது. சீழ் அதிகமாக இருந்தால் மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார், அல்லது முறைப்படி திறந்து வெளியேற்றுவார். மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்வதற்கும், வீட்டில் கீறிக்கொள்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கணு வடிவதற்குப் புண்ணைவிட அதிக நாள் ஆகும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

இவ்வளவு வலிக்கிறதே, ரொம்பப் பெரிய வியாதியா?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நேரம் எடுத்துப் பதில் சொல்வேன்.

வலிக்கிற புண் உங்களை மருத்துவமனைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். டுக்ரேயி ரத்தத்தில் கலந்து மூளைக்கோ இதயத்துக்கோ போவதில்லை. சரியான மருந்து கொடுத்தால் முழுதாகக் குணமாகும். நான் பயப்படுவது வலிக்காத புண்ணைப் பார்த்து. சிபிலிஸ் என்ற இன்னொரு பால்வினை நோயின் புண் ஒன்றே ஒன்றாக, வட்டமாக, சுத்தமாக, காது மடலைத் தொட்டது போலக் கெட்டியாக இருக்கும். உறவுக்குப் பிறகு சுமார் 3 வாரம் கழித்து வரும். வலி கிடையாது. எந்த மருந்தும் இல்லாமல் 3 முதல் 6 வாரத்தில் தானே மறைந்துவிடும். "போய்ருச்சுக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். போகவில்லை. புண்தான் போனது, கிருமி உடம்புக்குள் போயிருக்கிறது. சில வாரத்தில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரும், அதுவும் மறையும். பல வருடம் கழித்து நரம்பையோ இதயத்தையோ பிடிக்கும். கர்ப்பிணிக்கு இருந்தால் வயிற்றில் உள்ள பிள்ளையைப் பிடிக்கும்.

அதனால் வலி இருக்கிறது, இல்லை என்பதை வைத்து நோயின் அளவை முடிவு செய்யாதீர்கள். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இருக்கவும் கூடும். சாங்க்ராய்ட் என்று சந்தேகப்பட்டாலும் சிபிலிஸ் ரத்தப் பரிசோதனையை விடாமல் செய்வது இதனால்தான்.

உடம்புச் சூட்டினால் வருமா? இளநீர், வெந்தயம் எடுத்தால் அடங்குமா?

வராது. அடங்காது. இளநீர் குடியுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் இந்தப் புண்ணுக்குக் காரணம் ஒரு கிருமி, அது இன்னொரு மனித உடம்பிலிருந்துதான் வந்திருக்கிறது. சூடு என்று சொல்லிக்கொள்வதில் ஒரு வசதி இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். வீட்டில் சொல்லலாம், வேலையிடத்தில் சொல்லலாம், யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். வெளியே என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

பொதுக் கழிப்பறையிலிருந்து தொற்றியிருக்குமா?

பிறப்புறுப்பில் வரும் இந்தப் புண் உடலுறவில், தோலோடு தோல் உரசும்போது ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாகத்தான் நுழைகிறது. கழிப்பறை, தண்ணீர்க் குடம், அடுத்தவர் துண்டு இதற்கெல்லாம் பங்கு இல்லை.

அக்கி என்று சொல்லி எழுதிக்கொண்டேன். ஆனாலும் போகவில்லை.

அக்கிக்குக் காவி எழுதுவது நம் தெருக்களில் இன்றைக்கும் நடக்கிறது. மார்பிலோ இடுப்பிலோ பட்டையாக வரும் அக்கி ஒரு வைரஸ். பிறப்புறுப்பில் கொத்துக் கொத்தாகச் சின்ன நீர்க்கொப்புளம் வந்து, எரிந்து, உடைந்து, வாரத்தில் ஆறி, சில மாதம் கழித்து அதே இடத்தில் திரும்ப வந்தால் அது ஹெர்பிஸ். அக்கியின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். எழுதினாலும் எழுதாவிட்டாலும் சில நாளில் தானே ஆறும், அதனால்தான் எழுதியதால் போனது என்று தோன்றுகிறது. இன்றைக்கு நம் மருத்துவமனைகளில் பிறப்புறுப்புப் புண்ணோடு வருபவர்களில் ஹெர்பிஸ்காரர்களே அதிகம். ஆறாமல் ஆழமாகிக்கொண்டே போகிற புண் என்றால் அது ஹெர்பிஸாக இருக்க வாய்ப்புக் குறைவு.

வேறு எதனாலெல்லாம் அந்த இடத்தில் புண் வரும்?

நிறைய. எல்லாமே பால்வினை நோய் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிலருக்கு ஒரு குறிப்பிட்ட மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் மொட்டின் மேல் ஒரே இடத்தில் புண் வந்து, ஆறியதும் கறுப்புத் தழும்பு விடும். அதே மாத்திரையை மறுபடி போட்டால் அதே இடத்தில் மறுபடி வரும். காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை, சில ஆன்டிபயாடிக் இதைச் செய்யும். இதைத் தெரியாமல் மனைவியைச் சந்தேகப்பட்டு வீட்டை ரணகளம் ஆக்கிய ஒருவரை எனக்குத் தெரியும். கடைசியில் பார்த்தால், ஒவ்வொரு முறையும் முதுகுவலிக்கு மாத்திரை போட்ட மறுநாள்தான் புண் வந்திருக்கிறது.

சொறி சிரங்கும் அங்கே முடிச்சு முடிச்சாக வரும். வயதானவர்களுக்கு மாதக்கணக்கில் ஆறாத புண் என்றால் புற்றுநோயா என்று சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

நெறி பெரிதாகக் கட்டி, புண் வந்ததே தெரியாமல் போய்விட்டால் அது எல்.ஜி.வி. என்ற இன்னொரு பாக்டீரியா நோயாக இருக்கலாம். அதற்கு டாக்சிசைக்ளின் 21 நாள் சாப்பிட வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது.

டோனவனோசிஸ் என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். அது என்ன?

அதற்கும் சென்னைக்கும் நேரடி உறவு உண்டு. வலியே இல்லாமல், பச்சைக் கறி மாதிரிச் சிவந்து, தொட்டால் ரத்தம் கசிந்து, மெதுவாகப் பரவிக்கொண்டே போகும் புண் அது. நம் கிழக்குக் கரையோர மாநிலங்களில் ஒரு காலத்தில் அதிகம் இருந்தது.

சார்லஸ் டோனவன் கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர், மதராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். காலா அசார் காய்ச்சலின் கிருமியை 1903இல் இங்கே கண்டவர். 1905இல் மதராஸ் பொது மருத்துவமனையில், அதாவது சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் நம் ஜி.எச்.சில், இந்தப் புண்ணிலிருந்து எடுத்த செல்களுக்குள் இரண்டு முனையிலும் அடர்ந்த சாயத்தோடு சேஃப்டி பின் போலக் கிடந்த உருக்களைப் பார்த்து எழுதினார். அந்த உருக்களுக்கு இன்றும் உலகம் முழுவதும் டோனவன் உருக்கள் என்றுதான் பெயர். மின்சார ரயிலில் பீச்சிலிருந்து பார்க் போகிற தூரத்தில் நடந்த கண்டுபிடிப்பு இது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாவது வரலாம் என்று எனக்கு ஆசை.

அசித்ரோமைசினுக்கு இது கட்டுப்படும். ஆனால் ஒரே நாளில் முடிகிற வைத்தியம் இல்லை. வாரம் 1 கிராம் வீதம் குறைந்தது 3 வாரம், அதற்கு மேலும் புண் முழுதாக மூடும் வரை எடுக்க வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டால் போதாதா?

இந்த ஒரு விஷயத்தில் நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், போடாதீர்கள்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் ஒருவருக்கு மூன்று மாத்திரையும் ஒரு களிம்பும் கொடுத்திருந்தார்கள். காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மாத்திரையில் ஒன்று அலர்ஜிக்கு, ஒன்று வலிக்கு, ஒன்று ஏதோ ஆன்டிபயாடிக், அதுவும் பாதி அளவு. களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது. இரண்டு நாள் எரிச்சல் குறைந்தது போலிருந்திருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து புண் அகலமாகிவிட்டது. ஸ்டீராய்டு, கிருமியோடு சண்டை போடும் நம் ஆட்களையே தூங்க வைத்துவிடும். கிருமிக்கு அதைவிட நல்ல செய்தி வேறு இல்லை.

சரி, கடைக்காரர் சரியான மாத்திரையையே கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சாங்க்ராய்ட் ஆறிவிடும். கூடவே சிபிலிஸ் இருந்திருந்தால்? அந்த ஒரு வேளை அசித்ரோமைசினை நம்பி சிபிலிஸை விட முடியாது. பல நாடுகளில் சிபிலிஸ் கிருமி அதற்கு மசியாமல் போயிருக்கிறது. அதற்கு பென்சிலின் ஊசிதான். புண் ஆறிவிட்ட நிம்மதியில் நீங்கள் பரிசோதனைக்கே வர மாட்டீர்கள். அங்கேதான் ஆபத்து.

மருத்துவர் என்ன செய்வார்? என்ன மருந்து?

பார்ப்பார். முதலில் அது முக்கியம், புண்ணைக் காட்டாமல் வாயால் சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஆண் மருத்துவர் வேண்டும், பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், அதில் தவறில்லை. புண்ணிலிருந்து கொஞ்சம் வழித்தெடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பதுண்டு. டுக்ரேயி இருந்தால் மீன் கூட்டம் ஒரே திசையில் நீந்துவது போல வரிசையாகத் தெரியும் என்று புத்தகங்கள் சொல்லும், காசிமேட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் எல்லாச் சமயமும் அப்படி அழகாகத் தெரியாது.

இதை ஆய்வகத்தில் வளர்ப்பதும் லேசு இல்லை. ஹீமோஃபிலஸ் என்றால் ரத்தத்தை விரும்புவது என்று பொருள். ரத்தத்தில் உள்ள ஹீமின் இல்லாமல் இது வளராது. 33 முதல் 35 டிகிரி சூடு, ஈரம், கரியமில வாயு எல்லாம் சரியாக அமைய வேண்டும். அதனால் பெரும்பாலான இடங்களில் புண்ணைப் பார்த்து, சிபிலிஸ் பரிசோதனை செய்து, இரண்டுக்கும் சேர்த்தே மருந்து கொடுத்துவிடுவார்கள்.

அரசு பால்வினை நோய் மையங்களில் நிறத்தால் பிரித்த மருந்துப் பெட்டிகள் உண்டு. ஹெர்பிஸ் அல்லாத புண்ணுக்கு வெள்ளைப் பெட்டி: அதில் சிபிலிஸுக்கு 24 லட்சம் யூனிட் பென்சதின் பென்சிலின், சாங்க்ராய்டுக்கு 1 கிராம் அசித்ரோமைசின். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நீலப் பெட்டி. ஹெர்பிஸுக்கு சிவப்பு. எதற்கும் காசு கிடையாது. ஊசி பிட்டத்தில் போடுவார்கள், நல்லாவே வலிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சாங்க்ராய்டுக்கு அசித்ரோமைசின் ஒரு வேளை, அல்லது செஃப்ட்ரியாக்சோன் 250 மில்லிகிராம் ஒரு ஊசி, அல்லது சிப்ரோஃப்ளாக்சசின் 3 நாள், அல்லது எரித்ரோமைசின் 7 நாள் என்று வழிகள் இருக்கின்றன. எது உங்களுக்கு என்பது அவர் முடிவு. கர்ப்பிணி என்றால் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுக்க மாட்டார்கள், அதனால் நாள் தள்ளியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

எத்தனை நாளில் ஆறும்?

3 நாளில் வலி குறையும். ஒரு வாரத்துக்குள் புண் ஆறத் தொடங்கியது கண்ணுக்கே தெரியும். பெரிய புண் மூட 2 வாரத்துக்கு மேலும் ஆகலாம். 7ஆம் நாள் கட்டாயம் திரும்பப் போய்க் காட்டுங்கள். ஒரு முன்னேற்றமும் இல்லை என்றால் நோய் வேறாக இருக்கலாம், அல்லது கூட இன்னொன்று இருக்கலாம், எச்.ஐ.வி. உள்பட. முன்தோலுக்கு அடியில் உள்ள புண் கொஞ்சம் மெதுவாகத்தான் ஆறும். ஆறின பிறகு தழும்பு நிற்கக்கூடும்.

ஆறும் வரை உறவு வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றி, பருத்தி உள்ளாடை போட்டால் போதும். டெட்டால், உப்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்று நினைக்காதீர்கள், உடம்பு இதற்கு எதிர்ப்புச் சக்தி சேர்த்து வைப்பதில்லை.

என் புண்ணிலிருந்தே என் உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுமா?

பரவும். இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததே அப்படித்தான். 1889இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அகுஸ்தோ டுக்ரே என்ற தோல் மருத்துவர், நோயாளிகளின் புண்ணிலிருந்து சீழை எடுத்து அவர்களுடைய முன்கைத் தோலிலேயே ஏற்றினார். அங்கே புண் வந்தது. அந்தப் புண்ணிலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் ஏற்றினார். வாரா வாரம் இப்படியே செய்துகொண்டு போனதில், ஐந்தாறாவது தலைமுறையில் மற்ற கிருமிகள் எல்லாம் கழிந்து ஒரே ஒரு குட்டைக் கம்பி வடிவக் கிருமி மிஞ்சியது. இன்றைக்கு அப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி கொடுக்க மாட்டார்கள்.

நமக்கு அதில் உள்ள பாடம், சீழ் பட்ட விரலால் வேறு இடத்தைச் சொறியக் கூடாது. புண்ணும் எதிரே தொடையும் ஒட்டிக்கொண்டிருந்தால் தொடையிலும் ஒன்று வரும். ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

என் பிள்ளைக்குக் காலில் புண் வந்திருக்கிறது. இந்தக் கிருமி குழந்தைகளுக்கும் வரும் என்று படித்தேன். அப்படியென்றால்…?

அந்தப் புள்ளிகளோடுதான் ஒரு அம்மா கேள்வியை நிறுத்தினார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். முதலில் அதை விட்டுவிடுங்கள்.

உண்மை இதுதான். பசிபிக் தீவுகளில் யாஸ் என்று ஒரு தோல் நோய் இருக்கிறது, இலங்கையில் அதற்குப் பறங்கி என்றே பெயர். பப்புவா நியூ கினியின் லிகிர் தீவில் குழந்தைகளின் காலில் இருந்த புண்களை எல்லாம் யாஸ் என்று நினைத்து வைத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்ட புண்களில் டுக்ரேயி இருந்தது. 2014இல் இந்த ஆய்வு வெளியானது. வனுவாட்டு, சாலமன் தீவுகள், கானா நாட்டிலும் இதையே கண்டார்கள். அந்தக் குழந்தைகளுக்கு இது பாலுறவால் வரவில்லை. விளையாடும்போது ஏற்பட்ட காயம் வழியாக, தோலோடு தோல் பட்டு வந்தது. அங்கே ஈக்களிலும் படுக்கை விரிப்புகளிலும் இந்தக் கிருமியின் மரபணுத் தடயம் கிடைத்திருக்கிறது. இத்தனை காலமும் பால்வினைக் கிருமி என்று மட்டுமே முத்திரை குத்தி வைத்திருந்த ஒன்று, கடலோரக் கிராமத்துப் பிள்ளைகளின் முழங்காலில் சும்மா உட்கார்ந்திருந்தது.

வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ உங்கள் பிள்ளைக்கு வந்திருக்கும் புண் பெரும்பாலும் இது கூட இல்லை. கொசுக்கடியைச் சொறிந்ததில் சாதாரண சீழ்க் கிருமிகள் ஏறி வருவது, மழைத் தண்ணீர் தேங்கும்போது விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண், சிரங்கு இவைதான். யாஸ் நம் நாட்டில் இல்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை யாஸ் இல்லாத நாடு என்று அறிவித்தது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் போதும். ஆனால் குழந்தையின் பிறப்புறுப்பில் புண் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளையை மிரட்டிக் கேள்வி கேட்காதீர்கள்.

பெண்களுக்கு எப்படித் தெரியும்?

பல நேரம் தெரியாது, அதுதான் சங்கடம். வெளி உதட்டில் வந்தால் சிறுநீர் கழிக்கும்போது எரியும், உட்கார முடியாது. உள்ளே வந்தால் வலி இல்லாமல் வெள்ளைப்படுதல் மாதிரி மட்டும் இருக்கும், உறவின்போது வலிக்கும். வெள்ளைப்படுதல் நமக்குச் சகஜம் என்று விட்டுவிடுவார்கள். கணவருக்குப் புண் என்றால் மனைவிக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் பார்த்தாக வேண்டும்.

கர்ப்பமாக இருந்தால் சாங்க்ராய்ட் பிள்ளையைப் பாதிக்கும் என்று கண்டதில்லை. சிபிலிஸ் பாதிக்கும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் முதல் செக்கப்பிலேயே ரத்தம் எடுத்து சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் பார்ப்பது இதற்காகத்தான்.

எச்.ஐ.வி.யும் வந்திருக்குமோ?

வந்திருக்க வேண்டும் என்று இல்லை, ஆனால் பார்த்துவிட வேண்டும். திறந்த புண் ஒரு திறந்த கதவு. அது இருக்கும்போது எச்.ஐ.வி. வாங்குவதும் கொடுப்பதும் சுலபமாகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்ததே நம் ஊரில்தான், 1986இல், மதராஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில். இன்று பரிசோதனை எளிது. முதல் முறை இல்லை என்று வந்தாலும் 3 மாதம் கழித்து இன்னொரு முறை எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பார்க்க வேண்டும், ஏனென்றால் புதிதாக வந்த தொற்று ரத்தத்தில் தெரியக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

ஆணுறை போட்டேனே, அப்படியும் வருமா?

ஆபத்து வெகுவாகக் குறையும். ஆனால் ஆணுறை மூடுகிற இடத்துக்குத்தான் அது காவல். அடிப்பகுதி, விதைப்பை, தொடை எல்லாம் வெளியேதான் இருக்கின்றன. சுன்னத் செய்தவர்களுக்கு இந்தப் புண் குறைவாக வருகிறது, ஆனால் அதுவும் முழுக் காவல் இல்லை. தடுப்பூசி கிடையாது.

இப்போதும் இந்த நோய் இருக்கிறதா?

மிகவும் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் பால்வினைப் பிரிவுகளில் சாதாரணமாகப் பார்த்த நோயை இன்றைக்குப் புது மருத்துவர்கள் புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள். காரணம் அந்தக் கிருமியின் குணத்திலேயே இருக்கிறது. சிபிலிஸ் போல வருடக்கணக்கில் ஒளிந்திருக்க அதற்குத் தெரியாது. வந்த ஒரு வாரத்தில் வலியால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆளுக்கு ஆள் வேகமாகத் தாவினால்தான் அதற்குப் பிழைப்பு. பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களுக்கு ஆணுறையும் நல்ல மருந்தும் மரியாதையோடு கிடைக்கத் தொடங்கியதும் அந்தச் சங்கிலி அறுந்தது. கென்யாவிலும் தாய்லாந்திலும் இதுதான் நடந்தது. அந்தப் பெண்களைக் குற்றம் சொல்லியே பழகியவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

வீட்டுக்காரியிடம் எப்படிச் சொல்வது?

புண் வருவதற்கு முந்தின 10 நாளில் யாரோடெல்லாம் உறவு இருந்ததோ அவர்கள் எல்லோருக்கும், நோய் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், மருந்து தேவை. இல்லாவிட்டால் நீங்கள் ஆறின பிறகு அவரிடமிருந்து உங்களுக்கே திரும்ப வரும். அதனால் சொல்லாமல் முடியாது.

ஐஸ் உடைக்கிற தம்பி என்று சொன்னேனே, அவர் மூன்று நாள் யோசித்தார். "என்னான்னு சொல்றதுக்கா, செருப்பால அடிப்பா" என்றார். நாலாம் நாள் இருவரும் சேர்ந்து வந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "வயித்துல இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்பது. ஐந்து மாதம். ரத்தம் எடுத்தோம், சிபிலிஸ் இல்லை. கர்ப்பத்துக்கு ஒத்துவருகிற மருந்தை மருத்துவர் கொடுத்தார். கிளம்பும்போது கணவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் மாத்திரைச் சீட்டை அவர் கையிலிருந்து பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

நீங்களாகச் சொல்ல முடியாவிட்டால் இருவரும் சேர்ந்து வாருங்கள், ஆலோசகரை வைத்துக்கொண்டு பேசலாம். "எனக்கு ஒரு தொற்று வந்திருக்கு, உனக்கும் மருந்து போடச் சொன்னாங்க" என்று ஆரம்பித்தால் போதும். மாத்திரையை மட்டும் வாங்கிப் போய், சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அவருக்கு ஒவ்வாமை இருக்கிறதா, கர்ப்பமா என்று பார்க்காமல் கொடுப்பது ஆபத்து. அவர் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையும் அவருக்கு இருக்கிறது.

எங்கே போக வேண்டும்? யாராவது பார்த்துவிட்டால்?

வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி பக்கம், நம் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்களே அதுதான். சென்ட்ரல் எதிரே ஜி.எச். இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் "தோல் டாக்டர்" என்று சொன்னாலே போதும், அங்கிருந்து பால்வினை நோய்ப் பிரிவுக்கு அனுப்புவார்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் என்ற பலகையைத் தேடுங்கள்.

உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் அதை உறுதி செய்கிறது. போகும் முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 1097க்குப் போன் செய்யலாம், பணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. தமிழிலேயே பேசலாம். மாநில அரசின் 104 எண்ணும் இருக்கிறது.

தெரிந்தவர் யாராவது அந்த வரிசையில் நின்றால் அவரும் அதே டாக்டரைப் பார்க்கத்தான் வந்திருப்பார். புண்ணோடு போகும்போது தளர்வான லுங்கியோ வேட்டியோ கட்டிக்கொண்டு போங்கள், களிம்பு எதுவும் தடவாமல் போங்கள். ஏற்கெனவே ஏதாவது மாத்திரை போட்டிருந்தால் அதன் அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.